கொழுந்து கிள்ளிய வேலி

வீட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் வார்சினியின் கை வேலிக்குப் போகும். வேலியாக வளர்ந்த பெலுந்தாஸ் செடியில் இரண்டு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே மீன் காயவைக்கும் பரண்களுக்கு நடப்பாள். உடம்பு வாடையை அது போக்கும் என்று ஜாவாக் கடற்கரையில் எல்லோரும் சொல்வார்கள். மற்ற பெண்கள் சோற்றோடு நாலு இலை தின்பதோடு சரி. வார்சினிக்கு அது போதாது. மீன் வாடை வீசுமோ என்று விசேஷ வீடுகளில்கூட வாசலோரமாகத்தான் உட்காருவாள்.

தெருப் பக்கத்தில் அவள் தலைக்கு மேலிருந்த கொழுந்துகளும் காணாமல் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு ருமினியிடம் கேட்டாள்.

"அக்கா, உங்க ஆட்டைக் கட்டிப் போடக் கூடாதா?"

ருமினி வேலியைப் பார்த்தாள். "ஏண்டி, என் ஆடு ரெண்டு கால்ல நின்னு உன் தலைக்கு மேல மேயுதா? அப்படின்னா நான் அதை சர்க்கஸுக்கு அனுப்பிட்டு உக்காந்து சாப்பிடுவேனே!"

அந்த மாதமே படகுத் தச்சன் கஸ்மிஜான் வீட்டிலிருந்து பெண் கேட்டு வருவதாகச் சேதி வந்தது. வார்சினிக்கு அவனை வெகுநாளாகப் பிடிக்கும். ஆனால் அவள் கடந்து போனால் அவன் படகின் மறுபக்கம் போய்விடுவான். தன் மீன் வாடைக்குத்தான் ஒதுங்குகிறான் என்று நினைத்திருந்தாள். கிட்டே வந்து உட்கார்ந்தபின் வேண்டாமென்று போய்விட்டால்?

விருந்தாளி வருகிறார்கள் என்றால் வேலியை மட்டமாக வெட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம். பதற்றத்தில் வார்சினி ஒரேயடியாக மொட்டையடித்துவிட்டாள். தழையை ருமினியின் ஆடு தின்று தீர்த்தது. மறுநாள் காலையில் கை வைத்தால் வெறும் குச்சி.

வந்தவர்கள் ஒட்டரிசிப் பலகாரத் தட்டுகளை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். வார்சினி எட்ட நின்றே தேநீரை நீட்டினாள். கஸ்மிஜானும் வாசலோரம் ஒடுங்கி, வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"ஏதாவது பேசேண்டா," என்றாள் அவன் அம்மா.

"வேலியை ஏன் இப்படி வெட்டிட்டீங்க?" என்றான் அவன். "படகுக்குத் தார் பூசற உடம்பு, வாடை அடிக்கும். தினமும் இங்கதான் கொழுந்து கிள்ளித் தின்னுட்டுப் போவேன். இன்னிக்குன்னு பார்த்து ஒரு இலைகூட இல்லை."

அடுப்படியிலிருந்து ருமினி கத்தினாள்: "அடியே, ஆடு கிடைச்சாச்சு!"

சிரிப்பு அடங்கியதும் வார்சினி தட்டோடு அவனருகில் வந்தாள்.

"மீன் வாடை தெரியுதா?"

"இல்லையே."

"பொய்."

"கொஞ்சம் தெரியுது. நல்லாத்தான் இருக்கு."

இப்போது இருவரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். வேலி ஆளுயரம் தழைத்திருக்கிறது. சோற்றுக்குப் போக மீதியை ஆடு தின்கிறது. விசேஷ வீடுகளில் வார்சினி நடுக்கூடத்தில் உட்காருகிறாள்.