நேரில் கொடுத்தது

என் அக்காவுக்கு எங்கள் வீட்டில் பட்டப்பெயர் ‘சாட்சி’. வைத்தவர் மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர். சாப்பாட்டுத் தட்டை அவர் கையில் கொடுத்தால், “வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து போடணுமா, இல்ல வீடியோ எடுத்துக்கிறியா?” என்பார். அக்காவும் சளைக்காமல், “ரெண்டும் வேணும். சாப்பிட்டு முடிச்சுட்டு, தட்டே வரலைன்னு சொல்ற ஆளுதானே நீங்க” என்பாள்.

அவள் விற்பது ஜன்னல் திரைச்சீலை. வாங்குகிறவர்கள் ஸ்க்ரீன் என்பார்கள், பேச்சில் நாங்களும் அப்படித்தான். வாடகை வீட்டின் முன்னறையை வெட்டும் மேசையும் இரண்டு தையல் இயந்திரங்களும் அடைத்துக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் துணிக்கட்டின் மேல்தான் உட்கார வேண்டும். முன்பு அக்கா ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை இழுத்து மூடியதும், பழைய இயந்திரம் ஒன்றை வாங்கிப்போட்டு இணையச் சந்தை ஒன்றில் கடை திறந்தாள். தைப்பது அவள். படம் எடுத்துப் போடுவதும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவதும் நான். கை அவளுக்கு, வாய் எனக்கு என்று சின்ன வயதிலேயே பிரித்துக்கொண்டோம்.

சாட்சி என்ற பெயர் சும்மா வரவில்லை. கடை திறந்த புதிதில் ஒரு மகராசி, பெட்டிக்குள் பழைய செய்தித்தாள்தான் இருந்தது என்று வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். திரைச்சீலையும் அவளிடம், பணமும் அவளிடம். அடுத்து ஒரு புண்ணியவான், பார்சலே வரவில்லை என்றார். கூரியர்காரர் அதை யாரோ ஒரு காவலாளியிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார், கையெழுத்து வாங்கவில்லை. அதுவும் கோவிந்தா. இன்னொரு புகாரில் தோற்றால் உங்கள் கடையை மூடிவிடுவோம் என்று இணையச் சந்தைக்காரர்கள் எழுதிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அக்கா மாறிப்போனாள். துணியை மடித்துப் பெட்டியில் வைத்து நாடா ஒட்டும் வரை கேமரா ஓட வேண்டும். ஆர்டர் எண்ணை அவளே உரக்கப் படிப்பாள். கூரியர் அலுவலகத் தராசில் பெட்டி உட்கார்ந்திருப்பதை எடை தெரியும்படி படம் எடுப்பாள். ஆர்டரில் உள்ள முகவரிக்கு மட்டும்தான் அனுப்புவாள். “எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடுங்களேன்” என்று யாராவது குழைந்தால், ரத்து செய்துவிட்டு அந்த வீட்டு முகவரியோடு புதிதாக ஆர்டர் போடச் சொல்வாள். ஃபோனில் பேச்சே கிடையாது, எல்லாம் கடையின் செய்திப் பெட்டியில் எழுத்தில் இருக்க வேண்டும். வாங்குகிறவர் கையெழுத்து இல்லாமல் ஒரு நூல்கண்டுகூட எங்கள் வாசலைத் தாண்டாது. கூரியர் அலுவலகத்தில் அவள் தலையைப் பார்த்ததுமே பேனாவை எடுத்து நீட்டுவார்கள். இப்படிப்பட்டவளைத்தான் ஒருத்தி ஏமாற்றினாள்.

அவளை நாங்கள் ‘பாதி’ என்போம். தொழிற்சாலையில் அக்காவுக்குப் பக்கத்து இயந்திரம். இடைவேளையில் ஒரு டீயை வாங்கி இருவரும் ஆளுக்குப் பாதியாகக் குடிப்பார்கள், அதனால் ஒருத்திக்கு ஒருத்தி பாதி. அக்கா மஞ்சள் காமாலையில் கிடந்தபோது, வேலை போய்விடக் கூடாது என்று அவள் பங்குக் காலர்களையும் சேர்த்துத் தைத்தவள் பாதிதான். அதை நான் மறைக்க மாட்டேன். என் கோபத்துக்குக் காரணமே அதுதான். முகம் தெரியாதவள் ஏமாற்றினால் திட்டிவிட்டுத் தூங்கப் போகலாம்.

பாதி புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனாள். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து துணிக்கட்டுகளைப் புரட்டி, இலைப்பச்சையில் ஒரு துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“துணிக்காசு மட்டும் கொடுடி, போதும்” என்றாள் அக்கா.

“போடி இவளே! உன் கடையிலேயே ஆர்டர் போடுறேன். உனக்கும் ஒரு விற்பனை ஏறும்ல? அஞ்சு ஸ்டாரும் போட்டு நாலு வரி புகழ்ந்தும் எழுதுறேன்.” சொன்னவள் அங்கேயே ஃபோனில் வீட்டுக்காரரின் கார்டு எண்ணைத் தட்டிப் பணம் கட்டினாள். வெளிநாட்டுச் சந்தை அது, ஓடிபி கேட்பதில்லை. அந்த நாலு வரி இன்றுவரை வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா நேரில் போய் அளவெடுத்தாள். நான்கு ஜன்னல்கள், நான்கும் நான்கு தினுசு. ஒவ்வொன்றுக்கும் தனியாக வெட்டி, உள்ளே லைனிங் வைத்து, மடிப்புகள் ஒரே சீராக விழும்படி தைத்தாள். மற்றவர்களுக்குச் செய்வதைவிட ஒரு படி மேலாகவே செய்தாள். பெரிய பைகளைச் சுமந்துகொண்டு பஸ் ஏறிப் போய், பாதி முக்காலியைப் பிடித்துக்கொள்ள, தானே ஏறி நின்று மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

நான் கணினி முன் உட்கார்ந்து, “கூரியர் எண் என்ன போடட்டும்?” என்று கேட்டேன்.

“நேரில் கொடுத்ததுன்னு போடு.”

“கையெழுத்து?”

“பாதிகிட்ட போய் கையெழுத்தா? உனக்கென்ன பைத்தியமா?”

“மாட்டினதை ஒரு போட்டோவாவது எடுத்தியா?”

“எடுக்கல. அவ முக்காலியை ஆட்டி ஆட்டி என்னைச் சிரிக்க வச்சுக்கிட்டு இருந்தா. அதுல ஃபோனை எங்க எடுக்கிறது?”

நானும் விட்டுவிட்டேன். வாய் எனக்கு என்று சொன்னேனே, அன்றைக்கு அந்த வாய் சும்மா இருந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்துப் புகார் வந்தது. கார்டின் சொந்தக்காரர் இந்தப் பொருளை வாங்கவே இல்லை, எதுவும் வந்து சேரவும் இல்லை என்கிறார், பொருளை ஒப்படைத்ததற்குக் கூரியர் எண்ணோ கையெழுத்தோ அனுப்புங்கள் என்று கெடு வைத்திருந்தார்கள். ஆர்டரைப் பார்த்தேன். பாதியின் பெயர், பாதியின் முகவரி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா மட்டும் அசையவில்லை.

“பேங்க்ல ஏதாவது குளறுபடியா இருக்கும். ஒரு ஃபோன் பண்ணினா முடிஞ்சுது.” எனக்கும் கேட்கட்டும் என்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

எடுத்தது பாதியின் வீட்டுக்காரர். “அட, நீங்களா! நானே கூப்பிடணும்னு இருந்தேம்மா. வீடே மாறிப்போச்சு போங்க. என் தங்கச்சிங்க வந்து பார்த்துட்டு வாயைப் பொளந்துட்டாங்க. இந்தக் காலத்துல இவ்வளவு பெரிய கிஃப்ட் யாரு தருவாங்க? ரொம்ப நன்றிம்மா.”

அக்கா என்னைப் பார்த்தாள். ஒத்துக்கொள்ளாதே என்று நான் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

“இருக்கட்டும்ண்ணா” என்றாள் அக்கா.

“நீங்களும் ஃபோன்ல பணம் கட்டுற ஆளா இருந்தா ஜாக்கிரதையா இருங்கம்மா. எங்க கார்டுலேருந்து எவனோ ஒருத்தன் பணத்தை உருவிட்டான். பில்லுல ஏதோ ஒரு கம்பெனி பேரு, அதுக்கு மேல ஒண்ணும் புரியல. இவளைக் கேட்டேன், அவளுக்கும் ஒண்ணும் தெரியல. நல்லவேளை, உடனே பேங்க்ல புகார் கொடுத்துட்டேன்.”

அந்த மனிதர் அக்கறையோடுதான் சொன்னார். கார்டு பில்லில் எங்கள் கடைப் பெயர் வராது, பணத்தை வாங்கித் தரும் நிறுவனத்தின் பெயர்தான் வரும். அக்கா, “அவ வந்தா பேசச் சொல்லுங்கண்ணா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நான் குதித்த குதியில் மேசை மேலிருந்த ஊசிப் பெட்டி கவிழ்ந்தது.

“சொல்லித் தொலைய வேண்டியதுதானே! இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?”

“அவ ஏதோ சொல்லி வச்சிருக்கா. நான் போட்டு உடைச்சா அவ கதி? அங்க சண்டை வந்தா நீ போய்த் தீர்த்து வைப்பியா?” என்று சொல்லிவிட்டு அக்கா கீழே சிதறிய ஊசிகளைப் பொறுக்கினாள்.

மறுநாள் பாதியே கூப்பிட்டாள். ஒரே அழுகை. “அவர் தங்கச்சிங்க புது வீட்டுக்கு ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்கடி. ஒருத்தி ஃப்ரிட்ஜ், ஒருத்தி கட்டில். என் பக்கத்துலேருந்து ஒரு கரண்டிகூட வரல. அதான் ஸ்க்ரீன் எல்லாம் நீ கொடுத்ததுன்னு சொல்லிட்டேன். எனக்கும் செய்ய ஆள் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியட்டும்னுதான். அப்புறம் பில்லைப் பார்த்துட்டு அவர் கேட்டப்போ, தெரியாதுன்னு வாய்ல வந்துடுச்சு. பேங்க்தானே பணம் கொடுக்குது, உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்.”

அக்கா கோபமே படாமல் விளக்கினாள். பணம் வங்கியிலிருந்து போகாது, தன்னிடமிருந்துதான் போகும். பணம்கூடப் போகட்டும், இதில் தோற்றால் கடையே போய்விடும்.

“ஐயோ, சத்தியமா தெரியாதுடி! வெள்ளிக்கிழமை வா. அவர் வேலைக்குப் போயிருப்பாரு. வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து போட்டுத் தர்றேன், பேங்க்லயும் நானே பேசிடுறேன். உன் கடை மூடுறதுக்கு நான் விட்டுடுவேனா?”

கெடுவுக்குள் வெள்ளிக்கிழமை இருந்தது. அக்கா அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை அவளோடு நானும் போனேன். தெருவில் நின்று அக்கா, பாதி குடியிருக்கும் மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தாள். நான்கு ஜன்னல்களிலும் இலைப்பச்சையைக் காணவில்லை. ஒன்றில் பூப்போட்ட படுக்கை விரிப்பு தொங்கியது, மற்றவை மொட்டையாக இருந்தன.

“தொவைக்கப் போட்டிருப்பா” என்றாள் அக்கா. புதுத் திரைச்சீலையை அதற்குள் யாராவது துவைப்பார்களா என்று நான் கேட்கவில்லை.

கதவைத் திறந்தது வீட்டுக்காரர். அன்றைக்கு விடுப்பாம். “வாங்கம்மா, வாங்க!” என்று வாய் நிறைய வரவேற்றார். ஜன்னலுக்கு மேல் கம்பியும், அக்கா மாட்டிய வளையங்களும் அப்படியே இருந்தன. நாங்கள் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “அளவு கொஞ்சம் சரியில்லைன்னு இவ சொல்றாம்மா. உங்ககிட்ட சொல்ல இவளுக்குச் சங்கடம். கிஃப்டாவே கொடுத்தவங்க, இதைச் சரி பண்ணித் தர மாட்டாங்களான்னு நான்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்றார்.

அக்காவின் அளவில் விரல் நகம் அகலத்துக்குத் தப்பு கண்டுபிடித்தவர்கள் இதுவரை யாரும் இல்லை. அக்கா படம் எடுத்துச் சாட்சியாக்கிவிடுவாளோ என்று பயந்து பாதி கழற்றி வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாதி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்து, “நீயே சொல்லிடுடி” என்றாள். பாதி புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, ஸ்க்ரீன் நான் கிஃப்டா கொடுக்கல. அவ என் கடையில ஆர்டர் போட்டு வாங்கினா. நீங்க பேங்க்ல புகார் கொடுத்தது அந்தப் பணத்துக்குத்தான்.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “என்னம்மா சொல்றீங்க? அன்னிக்கு ஃபோன்ல நான் நன்றி சொன்னேன். இருக்கட்டும்ண்ணான்னு சொன்னீங்களே? கிஃப்ட் இல்லைன்னா அப்பவே சொல்லியிருப்பீங்கல்ல?”

நான் ஃபோனை எடுத்து ஆர்டரைக் காட்டினேன். “பாருங்க சார். உங்க வீட்டம்மா பேரு, உங்க வீட்டு அட்ரஸ்.”

“பேரும் அட்ரஸும் கார்டு நம்பரும் தெரிஞ்சா யாரு வேணும்னாலும் ஆர்டர் போடலாம்னு பேங்க்லயே சொன்னாங்கம்மா. தெரிஞ்சவங்களேதான் பெரும்பாலும் இப்படிப் பண்றாங்களாம்.” சொல்லும்போது அவர் பார்வை அக்காவின் கைப்பைக்குப் போய்த் திரும்பியது. அவர் கெட்டவர் இல்லை. கையில் இருந்ததை வைத்துக் கூட்டிப் பார்த்தார், கூட்டல் அப்படித்தான் வந்தது.

அவர் பாதி பக்கம் திரும்பினார். “இவங்க சொல்றது நெசமா? நீ பணம் கட்டினியா?”

“இல்லீங்க” என்றாள் பாதி.

அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். கையெழுத்து வாங்கக் கொண்டுவந்த ரசீதுப் புத்தகம் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

அடுத்த வாரம் கடையை மூடிவிட்டார்கள். அத்தனை வருட நட்சத்திரங்களும், முகம் தெரியாதவர்கள் மனதார எழுதிய நல்ல வார்த்தைகளும் ஒரே நாளில் காணாமல் போயின. இப்போது என் பெயரில் வேறு கடை திறந்து, ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறோம். மாமா இப்போதெல்லாம் சாட்சி என்று கூப்பிடுவதில்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில், கடை போகப்போகிறதே என்று நான்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். நன்றி கெட்டவள், கூட இருந்தே கழுத்தறுத்தவள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பஸ்களை விட்டுவிட்டாள். மூன்றாவது வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“கேட்ட உடனே இல்லைன்னு சொல்லிட்டா பார்த்தியா? கொஞ்சம் யோசிச்சுட்டாவது சொல்லியிருக்கலாம்டி.”