பெஞ்சில் நான் ஒருத்தி

எனக்கு முன்கோபம் அதிகம். நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்குக்குக் காய் கொண்டுவருகிறவரைக் கேட்டாலே சொல்வார். அந்தக் கோபத்தையும் கட்டிக்கொண்டுதான் குறிஞ்சிப்பாடி சாலையில் உள்ள தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கு இத்தனை வருடமாக ஸ்கூட்டியில் போய்வருகிறேன். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களைத் தொடக்கப்பள்ளி டீச்சர்களாக ஆக்குவது என் வேலை.

எங்கள் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. நிஜப் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒருத்தி டீச்சராக நின்று சில நிமிடம் பாடம் எடுப்பாள். மற்றவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக பெஞ்சில் உட்கார்ந்து நடிப்பார்கள். ஒரு காலத்தில் அறை நிரம்பி வழியும். அந்தக் கழுதைகள் அடிக்கிற லூட்டி தாங்காது. பாடம் முடிகிறபோது டீச்சராக நிற்பவள், பெரியவளாகி என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால், எவளாவது எழுந்து கைகட்டிக்கொண்டு, "பர்மனன்ட் ஆவேன் டீச்சர்" என்பாள். சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருக்கிற அப்பா பர்மனன்ட் ஆகவேண்டும் என்பதுதான் இங்கே பாதி வீடுகளின் வேண்டுதல். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பிறகு சிரிக்க ஆள் குறைந்தது. படித்து முடித்தவர்கள் தகுதித் தேர்வு எழுதினார்கள், தேறினார்கள், தேறியும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரன் தன் பெண்ணை அனுப்புவானா? நானாக இருந்தாலும் அனுப்பமாட்டேன். சுற்றிலும் இருந்த பயிற்சி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடின. எங்களிடம் இந்த வருடம் மிஞ்சியது ஒரே ஒருத்தி.

கெட்டிக்காரி. பயிற்சிக்குப் போகிற பள்ளியில் வாசிக்கத் திணறுகிற பிள்ளையை அதட்டமாட்டாள், பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவாள். அது நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து நின்றாள். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளில்லை என்றாள். "சித்தப்பா கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிவெச்சிருக்காரு மேடம். சுரங்கத்துல கரித்தூள் கூட்டுற வேல. திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காங்க."

பொரிந்து தள்ளினேன். இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொள்ள முடியாதா, விளக்குமாறு பிடிக்கத்தானா இவ்வளவு படித்தாய் என்றெல்லாம் கேட்டேன். அவள் போனால் நிறுவனத்தையும் மூடிவிடுவார்கள், என் வேலையும் போய்விடும். அவளுக்காகக் கத்தினேனா எனக்காகக் கத்தினேனா என்று எனக்கே தெரியவில்லை.

நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்: "முடிச்சா வேல கெடைக்கும்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். நான் நின்னுடறேன்."

பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இன்றைக்குப் பாடம் தயார் செய்து வந்திருப்பதாகவும், அதை எடுத்துவிட்டே போவதாகவும் அவளாகவே சொன்னாள். பிள்ளைகளாக உட்கார யார் இருக்கிறார்கள்? புடவையைச் சொருகிக்கொண்டு, முட்டி வலியோடு நானே முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அன்றைய பயிற்சி, பிள்ளைகளை உற்சாகப்படுத்துவது. என்ன பதில் வந்தாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி, அதற்கப்புறம்தான் உட்காரச் சொல்லவேண்டும். பாடம், நமக்கு உதவுகிறவர்கள். நெல் விளைவிப்பவர் யார் என்றாள். விவசாயி என்றேன். அருமை, உட்கார் என்றாள். துணி நெய்பவர் யார் என்றாள். நெசவாளர் என்றேன். சபாஷ், உட்கார் என்றாள். கண் கலங்கியிருந்தாலும் குரல் பிசகவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல டீச்சரிடம் நான் படித்ததில்லை.

கடைசியில் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள், "பெரியவளாயி நீ என்ன ஆவப்போற?"

எழுந்தேன். பர்மனன்ட் என்று சொல்லிச் சிரிக்கவைத்திருக்கலாம். வரவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்ன சொல்லுமோ அதையே சொன்னேன்.

"டீச்சர் ஆவேன் டீச்சர்."

சாக்பீஸைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். அருமை என்றும் சொல்லவில்லை, சபாஷ் என்றும் சொல்லவில்லை. பிறகு திரும்பிக் கரும்பலகையை மூலைமுடுக்கெல்லாம் அழிக்க ஆரம்பித்தாள். திங்கட்கிழமை அவள் எங்கே போவாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் உட்காரச் சொல்லாததால் நான் நின்றுகொண்டே இருந்தேன்.