ஒலிபெருக்கிக்குத் துணையாகப் போனவர்

என் பேத்தியின் அலுவலகம் தினமும் காலை ஒன்பது மணிக்கு அவளுடைய கைபேசியில் ஐந்து முகங்களை அனுப்புகிறது. சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகம் வரை. இன்றைய மனநிலை எது என்று அவள் ஒன்றைத் தொட வேண்டும். பதினான்கு மாதங்களாகப் பார்க்கிறேன், காய்ச்சலில் கிடந்தாலும் இரண்டாவது முகத்தைத்தான் தொடுகிறாள். ஊழியர் நலத்துக்காக இயந்திரம் வாங்குகிறவர்களை நான் ஐம்பதுகளின் கடைசியிலேயே பார்த்துவிட்டேன்.

போர்ட் பிளேரில் டாலிகஞ்ச் பக்கம், லாரிகளும் ரோடு ரோலர்களும் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் நான் நலப்பிரிவு குமாஸ்தா. பிரிவு என்றால் இரண்டு பேர், ஓர் அறை, மூன்று நாற்காலிகள். மற்றவர் நல அதிகாரி. ஆறு வாரப் பயிற்சிக்கு பம்பாய் போனவர், ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு மைக், நான்கு ஒலிபெருக்கிக் குழாய்களோடு திரும்பினார். அன்று முதல் தினமும் காலை ஏழு ஐம்பதுக்கு அதில் பேசுவார். மூச்சை எப்படி இழுப்பது, பல்லை எப்படித் துலக்குவது, கவலையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு எப்படி உள்ளே வருவது. பேச்சு இந்தியில். அவருடைய இந்தி வங்காளிகளுக்கும் புரியவில்லை, தெலுங்கர்களுக்கும் புரியவில்லை, இந்திக்காரர்களுக்கு மட்டும் வலித்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர் வெயிலில் நின்று கேட்டார்கள்.

அந்த நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இருந்தது ஒரே கவலை, ஜஹாஸ். கப்பலைத் தமிழர்களும் அங்கே அப்படித்தான் சொன்னோம். மெயின்லேண்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் போவதற்கு அதில் இடம் வேண்டும். பொது டிக்கெட் விற்கத் தொடங்கிய அன்றே தீர்ந்துவிடும். அவசரத்துக்கென்று ஒவ்வொரு கப்பலிலும் எங்கள் பட்டறைக்கு இரண்டு பங்க், அதாவது படுக்கை இடம், உண்டு. அதைக் கொடுப்பவர் நல அதிகாரி. கொடுக்க ஒரு விதி வைத்திருந்தார்: ஊர் டாக்டர் கையெழுத்திட்ட அசல் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் தபாலில் வர வேண்டும், தபால் கப்பலில் வர வேண்டும். மூட்டை பிரித்துக் கடிதம் கைக்கு வருவதற்குள் அதே கப்பலின் பயணிகள் பட்டியலை மூடிவிடுவார்கள். அடுத்த கப்பலுக்கு மூன்று வாரம். என் காலத்தில் பதினேழு பேர் விண்ணப்பித்தார்கள். ஒன்பது பேர் கருமாதிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. பங்க்குகள் இரண்டும் அதிகாரியின் நண்பர்களைச் சுமந்து போயின.

ஒரு செவ்வாய்க்கிழமை தூத்துக்குடிப் பக்கத்து வெல்டர் ஒருவர் தந்தியோடு வந்தார். பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்த மனைவி ஆபத்தான நிலையில் இருக்கிறாள், உடனே புறப்படு என்று மாமனார் அடித்திருந்தார்.

"ஜஹாஸ் சனிக்கிழமை கெளம்புது சார். ஒரே ஒரு பங்க் குடுங்க."

அதிகாரி தந்தியை முன்னும் பின்னும் திருப்பினார். "இதுல டாக்டர் கையெழுத்து எங்கய்யா?"

"தந்தியில எப்படி சார் கையெழுத்து வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். நாளைக்கு ஏழு ஐம்பது பேச்சைக் கவனிச்சுக் கேளு. மனசை லேசா வச்சுக்கறது எப்படின்னுதான் பேசப்போறேன்."

வெளியே வந்து வெல்டர் என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, அந்தக் கொழாய அறுத்துக் கடல்ல போட்டுட்டு ஜெயிலுக்குப் போயிரட்டா? ஜெயிலுக்காச்சும் மெயின்லேண்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்கல்ல?"

"வெள்ளக்காரன் இங்கேயே பெரிய ஜெயிலாக் கட்டி வச்சிருக்கான். அந்த நெனப்பும் வேண்டாம்."

புதன்கிழமை ஏழரை மணிக்கு ஆம்ப்ளிஃபையரின் பின்பலகையில் இருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே கண்ணாடி பல்பு மாதிரி ஆறு வால்வுகள். இடமிருந்து மூன்றாவதைப் பிடுங்கி, மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, திரும்பச் செருகினேன். இருபத்தாறு வருட சர்வீஸில் நான் செய்த ஒரே நலப்பணி அது.

ஏழு ஐம்பதுக்கு அதிகாரி வாயசைத்தார். சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டினார், ஊதினார், குலுக்கினார். தந்தியைப் படித்தபோது அசையாத முகம் அப்போது துக்க வீட்டு முகமாகிவிட்டது. மதியம் அவர் சாப்பிடவில்லை. ஷாதிபூரிலிருந்து ரேடியோ பழுது பார்ப்பவரை வரவழைத்தார். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மேரே பஸ் கா நஹீன், சாப். மெட்ராஸ் பேஜோ" என்றார். தன்னால் ஆகாது, சென்னைக்கு அனுப்புங்கள் என்று அர்த்தம்.

விதிப்புத்தகத்தை நான் எடுத்துப் போனேன். அரசுச் சாதனம் கப்பலில் தனியாகப் போகக் கூடாது, பொறுப்பான ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும், அவருக்குப் பங்க் தரலாம்.

"யாரை அனுப்பறது?"

"அந்த வெல்டரை அனுப்பலாம் சார். பெட்டி தூக்கத் தெம்பு இருக்கு."

"பொஞ்சாதி பொஞ்சாதின்னு அங்கேயே உக்காந்துட்டா?"

"பெட்டியை நீங்க கேப்பீங்கன்ற பயம் இருக்கு சார். வந்துடுவான்."

ஒன்பது நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். வால்வுக்கு உடம்பு முடியவில்லை என்பதற்கு அவர் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. வியாழன் மதியம் பட்டியல் மூடுவதற்கு முன் வெல்டரின் பெயர் அதில் ஏறியது.

நாற்பத்தேழாம் நாள் அவர் திரும்பி வந்தார். தொழிலாளி ஒருவரை வரவேற்க அதிகாரி துறைமுக ஜெட்டிக்கு வந்தது அந்த ஒரு தடவைதான். வெல்டர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். பின்னால் மெலிந்து வெளுத்துப்போன மனைவி, அவள் தோளில் துணி சுற்றிய குழந்தை.

"நனையலியே?"

"இல்ல சார்."

"கீழே கீழே விழலியே?"

"பெட்டி விழல சார். இவதான் ரெண்டு தடவ மயங்கி விழுந்தா."

அதிகாரி அங்கேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி வால்வுகளை எண்ணினார். "ஆறும் இருக்கு" என்று பெருமூச்சு விட்டார். நான் அந்தப் பக்கம் எண்ணினேன். மூன்று பேர்.

மறுநாள் ஏழு ஐம்பதுக்கு ஒலிபெருக்கி மறுபடி பேசியது. நன்றியுணர்ச்சி பற்றி. அந்த வாரம் முடிவதற்குள் பட்டறையிலிருந்து நான்கு பேர் தனித்தனியாக என்னிடம் வந்து, அது இடமிருந்து எத்தனையாவது வால்வு என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.