பார்க்குக்குள்ளே ஒரு பார்

பார் என்றால் சரக்கு குடிக்கிற இடம் என்று நம்பினேன். தூத்துக்குடியிலேயே பிறந்து, தூத்துக்குடிக் காற்றையே குடித்து, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் அப்படி நம்பினேன். கட்டட வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று எங்கள் சங்கத்தில் கேட்டபோது, நான் போட்ட கலவை விகிதங்களையும் பிடித்த லெவல்களையும்தான் எழுத நினைத்தேன். ஆனால் உட்கார்ந்ததும் இதுதான் வந்தது.

செத்துட்டான்

நாங்கள் புதுப்பித்தது வெள்ளைக்காரன் காலத்துப் பூங்கா. கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். நடுவில் இரும்புத் தூண் வைத்த பேண்டு மேடை, அதற்குப் பின்னால் அல்லித் தொட்டி, தொட்டிக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு கிணறு. எனக்கு அந்த இடத்தின் ஒவ்வொரு மூலையும் தெரியும். சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பா எங்களை அங்கேதான் அவிழ்த்து விடுவார். அப்பா நாசரேத்திலிருந்து வந்த வாத்தியார். பிள்ளைகளைக் கடல் பக்கம் விடமாட்டார், பூங்கா பக்கம் விடுவார். தண்ணீரில் சாவதென்றால் தொட்டியிலும் சாகலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. காரணம் மிக்கேல்.

மிக்கேல் சங்கு குளிக்கிறவர்கள், அதாவது கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர்கள் வீட்டுப் பையன். என் வயதுதான். சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்குவான். அல்லி இலைகள் மூடிக்கொள்ளும். நான் திண்டில் உட்கார்ந்து எண்ண வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே எண்ணிக்கையைப் போட்டுவிட்டு வாட்ச்மேனிடம் ஓடி, "செத்துட்டான், செத்துட்டான்" என்று கத்துவேன். வாட்ச்மேன் கம்போடு வரும்போது மிக்கேல் தொட்டியின் மறு கரையில் தலையைத் துவட்டிக்கொண்டிருப்பான். அடி எனக்கு விழும்.

இது ஒரு முறை நடந்ததல்ல, வாராவாரம் நடந்தது. வாராவாரம் நம்பினேன். அதனால் எனக்கு அந்தப் பூங்காவில் ஜெபராஜ் என்ற பெயர் போய், செத்துட்டான் என்ற பெயர் வந்தது. எனக்குப் பேரன் பிறந்த பிறகும் மிக்கேலின் போனில் என் நம்பர் அந்தப் பெயரில்தான் இருந்தது.

தொட்டியின் அடியில் கல் குவிந்து கிடக்கும். மிக்கேல் அதிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து, சங்கு எடுத்தவன் போல என் மடியில் வைப்பான். அடியில் என்னலே இருக்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"பார்தாம்லே. பார்க்குக்குள்ள ஒரு பார்."

கடலுக்கடியில் கல்லும் பாறையுமாகக் கிடக்கிற மேட்டை அவர்கள் பார் என்பார்கள். முத்துச் சிப்பி விளைந்ததும் பாரில், சங்கு தேடி இறங்குவதும் பார் ஓரத்தில். அவன் அப்பா தினமும் பாருக்குப் போகிறவர். நான் அன்றைக்குச் சிரித்தேன். வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

கிணறு

பூங்காவைப் பழைய மாதிரியே எடுத்துக் கட்ட வேண்டும் என்று டெண்டர் வந்து, எங்கள் கான்ட்ராக்டர் எடுத்தார். நான் சைட் சூப்பர்வைசர். சுவரெல்லாம் கடலில் வெட்டிய பவளக்கல். யாரோ இடையில் புண்ணியம் தேடி அதன் மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். உள்ளே உப்பு பூத்து, கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். தம்பிகள் இதை மட்டும் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்: பழைய சுவருக்கு மூச்சு விட வழி வேண்டும்.

கிணறுதான் தலைவலி. தூர் வாரி, புதிதாக பைப்பும், தண்ணீர் திரும்ப இறங்காமல் அதன் அடியில் மாட்டும் புட்வால்வும் இறக்க வேண்டும். கீழே இறங்க ஆள் கிடைக்கவில்லை. மிக்கேலிடம் கேட்டேன். அவனும் அப்போது வேலையில்லாமல்தான் இருந்தான். படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, அதன் காற்றுக் குழாயை வாயில் கவ்வி ஆழத்தில் இறங்கி இறங்கி, ஒருநாள் காதில் ரத்தத்தோடு கரை வந்திருக்கிறான். அவன் மனைவி லூர்து, இனிமேல் கம்ப்ரசர் குளிக்குப் போவதில்லை என்று மாதா படத்தில் அவனைக் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

கிணற்றுக்குள் இறங்கியதும் அவன் மேலே பார்த்துச் சொன்னது: "ஏலே செத்துட்டான், எண்ண ஆரம்பி."

வேலை நன்றாக நடந்தது. கிணற்றின் மேல் ஸ்லாப் போட்டோம். ஆள் இறங்க நடுவில் ஒரு மேன்ஹோல், அதற்குத் தனியாக வார்த்த காங்கிரீட் மூடி. சனிக்கிழமை மிக்கேலிடம், கிணற்று வேலை இதோடு முடிந்தது என்று சொன்னேன். மூடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை இறங்கி புட்வால்வைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். சரி என்றேன்.

திங்கட்கிழமை காலை மாநகராட்சி உதவிப் பொறியாளர், எங்களுக்கு ஏ.இ. மேடம், பார்வையிட வருவதாகத் தகவல். வாய் திறந்து கிடக்கிற கிணற்றைப் பார்த்தால் அவர் கேட்கும் கேள்வியிலேயே அன்றைய பொழுது போய்விடும். வந்ததும் வராததுமாக இசக்கி கொத்தனாரிடம் மூடியை வைத்துச் சுற்றிக் கலவை போட்டு அடைக்கச் சொன்னேன். அடைத்தான். மேடம் வந்தார், தலையை ஆட்டினார், போனார்.

முதல் போன்

மேடம் போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. திரையில் மிக்கேல் பெயர். பேசியது வேறு குரல். பின்னால் ஏதோ மோட்டார் இரைச்சல். விட்டு விட்டுத்தான் கேட்டது.

"மச்சான் பார்ல கெடக்காவ... எங்களால தூக்க முடியல... ஆளு அனுப்புங்க அண்ணாச்சி..."

கட் ஆகிவிட்டது.

தம்பிகளே, என் நிலையில் இருந்து பாருங்கள். குடிக்கிற இடத்தில் எல்லாரும் எல்லாருக்கும் மச்சான்தான். பார் என்கிறான். கிடக்கிறான் என்கிறான். தூக்க முடியவில்லை என்கிறான். இரைச்சல், பாரில் ஓடும் ஜெனரேட்டர். காலையிலேயே பின்வாசல் வழியாக ஊற்றுகிற இடங்கள் எனக்குத் தெரியாததா. செய்தி எனக்குச் சுத்தமாகப் புரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க மிக்கேலுக்காகப் பதறிப் பதறி அவமானப்பட்ட நான், அன்றைக்குத்தான் முதன்முதலாக நிதானமாக இருந்தேன். கிடக்கட்டும், போதை தெளிந்தால் அவனே எழுந்து வருவான் என்று எனக்கு நானே சொல்லிவிட்டுச் சுண்ணாம்பு கலக்கப் போனேன்.

பதினொரு மணி போல லூர்து வந்தாள். கையில் டிபன் கேரியர். புருஷன் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டானாம்.

ஒரு பெண்பிள்ளையிடம் பார், கீர் என்று பேசுவது எனக்கு மரியாதையாகப் படவில்லை. அதனால் வந்த செய்தியை நான் கொஞ்சம் திருத்தினேன். யாரோ போன் செய்தான் தாயி, உன் வீட்டுக்காரன் ஒயின்ஷாப்பில் விழுந்து கிடக்கிறானாம் என்றேன்.

லூர்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பிள்ள கோயில்ல மொத மொதல்ல புதுநன்மை வாங்குன நாள்லருந்து அவுக அதத் தொடுததில்லண்ணே. பார்க்குக்குப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தாவ. விடியுதுக்கு முன்னாலயே."

அப்போதுதான் பார்த்தேன். கிணற்று ஸ்லாபின் ஓரத்தில் மிக்கேலின் செருப்பு கிடந்தது.

மூடி

என் மூளை அந்த நேரத்தில் செய்த கணக்கு இது. அவன் சொன்னது பார் இல்லை, பார்க். போனில் க் விழுந்துவிட்டது. விடியும் முன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு புட்வால்வைப் பார்க்க இறங்கினான். நான் வந்து மூடச் சொன்னேன்.

இசக்கியைக் கூப்பிட்டு, மூடுவதற்கு முன் உள்ளே பார்த்தாயா என்று கேட்டேன்.

"எட்டிப் பாத்தேன் அண்ணாச்சி. இருட்டாக் கெடந்துச்சு. நான் கொரல் குடுத்துப் பாக்கல."

மூடிக்குள்ளிருப்பவன் எனக்கு எப்படிப் போன் செய்வான், அந்தக் குரல் யாருடையது என்றெல்லாம் புத்தியுள்ளவன் யோசித்திருப்பான். நான் கடப்பாரையை எடுத்தேன். உடை என்று இசக்கியிடம் சொன்னேன். அவன் ஓங்கியதும், உடைக்காதே, துண்டு அவன் தலையில் விழும் என்று கத்தினேன். பாரம் தூக்குகிற செயின் பிளாக் எங்கே என்று பூங்கா முழுக்க ஓடினேன். அது நான் புறப்பட்ட இடத்திலேயே இருந்தது. இடையில் மூடியின் மேல் குப்புறப் படுத்து, கல்லால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். ஈரக் கலவை காதுக்குள் போய்விட்டது. மிக்கேல் நம்பருக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள் அந்தப் பெண். கிணற்றுக்குள் சிக்னல் இருக்காதே என்று அதையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டேன். திரும்பத் திரும்ப அடித்தேன். கீழே இருட்டில் அவன் போனில் செத்துட்டான், செத்துட்டான் என்று வந்துகொண்டிருக்கும் என்று நினைத்ததும் அடிப்பதை நிறுத்தினேன்.

லூர்து அழவில்லை. டிபன் கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்லாப் பக்கத்தில் நின்றாள்.

"அவுக ரொம்ப நேரம் மூச்சு அடக்குவாவண்ணே," என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம்.

முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி, சுற்றியிருந்த கலவையைக் கொத்தி, மூடியைத் தூக்கினோம். டார்ச் அடித்தால் கறுப்புத் தண்ணீர்தான். நாங்கள் புதிதாகப் போட்ட மோட்டாரையே ஓடவிட்டுத் தண்ணீரை இறைத்தோம். அதற்குள் கான்ட்ராக்டர் வந்துவிட்டார். இறைத்த தண்ணீர் அவர் புதிதாகப் போட்ட புல்தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன வே ஜெபராஜ், பூங்காவத் தெறக்கச் சொன்னா கெணத்தத் தெறந்து வச்சிருக்கீரு?"

காரணம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. எல்லாரும் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் பைப் தெரிந்தது. அடுத்து புட்வால்வ். கடைசியில் தரை.

கிணற்றில் யாரும் இல்லை.

இரண்டாவது போன்

நான் பேண்டு மேடைப் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. இசக்கி சிரித்தான், கான்ட்ராக்டர் என்னைத் திட்டிக்கொண்டே சிரித்தார். நான் லூர்துவிடம் தொட்டிக் கதையைச் சொன்னேன். வாட்ச்மேனிடம் அடி வாங்கியதை நடித்தே காட்டினேன். அந்தப் பெயர் அப்படித்தான் வந்ததா என்று அவளும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். பூங்காவிலும் இல்லை என்றால் எங்கே என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை. இல்லை என்பதே போதுமாக இருந்தது.

"நீங்க சாப்பிடுங்கண்ணே. ஓடி ஓடிக் களைச்சிட்டிய. அவுக வெளிய எங்கயாவது சாப்பிட்டிருப்பாவ."

கேரியரைத் திறந்து வைத்தாள். சாளை மீன் குழம்பு. மிக்கேலின் சோற்றை நான் பிசைந்து சாப்பிட்டேன். பசியில் ருசியாகவே இருந்தது.

போன் அடித்தது. என் பக்கத்தில் படியில் கிடந்தது. திரையில் மிக்கேல் பெயரைப் பார்த்ததும் லூர்து முகம் மலர்ந்துவிட்டது. என் கையெல்லாம் குழம்பு. ஸ்பீக்கரில் போடு தாயி, இன்றைக்கு அவனை நாலு வார்த்தை கேட்கிறேன் என்றேன். அவள் அழுத்தி, என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

இந்த முறை குரல் தெளிவாகக் கேட்டது. பேசியது சேவியர், லூர்துவின் தம்பி.

"ஆளு அனுப்பச் சொன்னேனே அண்ணாச்சி. ஏன் அனுப்பல?"

"எங்க அனுப்ப? எந்த பார்லே?"

"கடல்ல உள்ள பார்தான் அண்ணாச்சி. வேற எந்த பாரு?"

லூர்து போனைக் கீழே போடவில்லை. அவன் பேசி முடிக்கிற வரைக்கும் என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

தம்பிகளுக்குப் பாடம் என்று ஏதாவது சொல்ல வேண்டும். போனில் செய்தி வந்தால், வந்த வார்த்தையிலேயே அடுத்தவரிடம் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிந்ததைச் சொல்லாதீர்கள். பார்ல கிடக்கிறான் என்று நான் அப்படியே சொல்லியிருந்தால், லூர்துவுக்கு அந்த நிமிடமே விளங்கியிருக்கும். கிணற்றுக்கு மேலே நின்று நம்பிக்கை வைத்திருக்க மாட்டாள். சிரித்திருக்க மாட்டாள். அந்தக் கேரியரை எனக்குத் திறந்து வைத்திருக்க மாட்டாள்.

நடந்தது இது. கிணற்று வேலை முடிந்ததால் மிக்கேல் அன்று விடியும் முன் சேவியரோடு வள்ளத்தில் கம்ப்ரசர் குளிக்குப் போனான். வீட்டில் பார்க்குக்குப் போவதாகச் சொன்னான். செருப்பு சனிக்கிழமையே அவன் அங்கே மறந்து விட்டுப் போனது. பாரில் கல் இடுக்கில் காற்றுக் குழாய் மாட்டிக்கொண்டது. எனக்கு முதல் போன் வந்தபோதே அவன் இறந்திருந்தான். பிற்பகலில் வேறொரு வள்ளத்துக் குளிகாரர்கள் இறங்கி அவனைத் தூக்கினார்கள். கிணற்று மூடியை மறுநாள் இசக்கி திரும்பவும் அடைத்தான்.