எரிந்த காரும் வேன் எஞ்சினும்

அந்தக் காரை எடுத்தது என் பிழை என்று என் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பிழை என்று நான் நினைக்கவில்லை. இங்கிலீசுக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன காலத்தில் ஓர் அதிகாரி விட்டுப்போன கார் அது. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், மேலே கூரை கிடையாது, முன்பக்கம் நீண்டு தாழ்ந்திருக்கும். நாலைந்து கை மாறி, கடைசியில் உவர்மலையில் ஒரு வீட்டின் பின்வளவில் சாக்குகளால் மூடிக் கிடந்தது. வீட்டுக்காரருக்கு இடம் தேவைப்பட்டது. எனக்குக் கார் தேவைப்பட்டது. அயல் பொடியன்களைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டே கீழே கொண்டுவந்தோம்.

நான் அப்போது துறைமுகத்தில் ஓர் இழுவைப் படகில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தேன். டீசலும் எண்ணெயும் என் தொழில். இந்தக் காரின் எஞ்சினில் நெடுக விரிசல் விட்டிருந்ததால் திருத்த ஏலாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அதே இன எஞ்சின் இலங்கையில் கிடைக்கவும் கிடையாது. இறக்குமதி எல்லாம் நிறுத்தப்பட்டிருந்த எழுபதுகளின் தொடக்கம் அது. சைக்கிள் டயருக்கே ஆள் பிடிக்க வேண்டும். அதனால் வேறு வாகனத்தின் எஞ்சினை இதற்குள் இறக்குவது என்று முடிவு செய்தேன்.

தனியாகச் செய்யக்கூடிய வேலை இல்லை. கிண்ணியாவில் லொறி திருத்தும் கராஜ் வைத்திருந்த ஒரு நண்பன் எனக்கு இருந்தான். எங்கள் துறைமுகப் பட்டறைக்கு கடைசல் வேலை கொண்டுவந்து பழக்கமானவன். அவனிடம் சொன்னதும், பேக்கரி ஒன்றின் பாண் வேன் உருண்டு கிடப்பதாகவும் அதன் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னான். வேன் எஞ்சின், பந்தய ஓட்டக் கார். சிரிப்பதற்கு ஆட்கள் குறைவில்லை. நாங்கள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித் துறை கடந்து, பஸ் பிடித்து வருவான். வளவில் நான் போட்ட தென்னோலைக் கிடுகுக் கொட்டகைக்குள் வேலை. எஞ்சினுக்கும் பழைய கியர்பொக்ஸுக்கும் இடையில் பொருந்துவதற்கு ஒரு தடித்த இரும்புத் தகடு அறுத்தோம். கைவாளால் அறுத்தது. நடு மையம் ஒரு மயிரிழை விலகினாலும் எல்லாம் அதிரும் என்பதால் அதையே மூன்று தரம் அறுத்தோம். ஸ்டியரிங் தண்டு எஞ்சினில் முட்டியது. எஞ்சினைச் சற்றுத் தள்ளினால் ரேடியேட்டர் முட்டியது. ஒன்றைச் சரியாக்கினால் இன்னொன்று பிழையாகும். இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போனது. என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. அவள் அந்தக் கொட்டகைப் பக்கம் வருவதில்லை, ஆனால் தன் தையல் மெஷினில் இருக்கைகளுக்கு உறை தைத்துத் தந்தாள். சிவப்பு ரெக்சின். அது அவளுக்கே பிடித்திருந்தது.

முதல் தரம் ஸ்டார்ட் பண்ணிய அன்று மத்தியானம் அவள் சோறு போட்டு வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டாள். ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறோம் என்றேன். எஞ்சின் பிடித்தது. அரை நிமிடம் ஓடியிருக்கும். பிறகு இருமியது, கார்பரேட்டர் வாயால் நெருப்பைத் துப்பியது. பக்கத்தில் எங்கேயோ பெற்றோல் கசிந்திருக்க வேண்டும். நீல நெருப்பு எஞ்சின் முழுக்கப் படர்ந்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடி அது கிடுகில் இருந்தது.

கச்சான் காற்றுக் காலம். கிடுகு காய்ந்து சருகாய் இருந்தது. நண்பன் சாக்கை நனைத்து எஞ்சின் மேல் போடப் பார்த்து வலது கையைச் சுட்டுக்கொண்டான். நான் காரைப் பின்னால் இழுத்தேன். அது அசையவில்லை, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்திருந்தோம். மனைவி ஓடிவந்து மூலையில் இருந்த பெற்றோல் கானைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அவள் அதைச் செய்திராவிட்டால் வீடும் போயிருக்கும். அயலவர்கள் வாளிகளோடு வந்து சேர்ந்தபோது கொட்டகை விழுந்துவிட்டது.

எரிந்து முடிந்த பிறகு பார்த்தோம். அந்தக் கார்களின் உடம்பு மரச்சட்டத்தின் மேல் தகரம் அடித்துச் செய்தது. அது எனக்குத் தெரியும், ஆனால் மரம் முழுக்கப் போனால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. தகரம் மட்டும் சுருங்கி நின்றது. கை வைத்தால் உள்ளே போனது. கார்பரேட்டர் உருகிக் கட்டியாய்க் கிடந்தது. வயர் ஒன்றும் மிச்சமில்லை. சிவப்பு உறை இருந்த இடத்தில் கம்பிச் சுருள்கள்.

அப்போதுதான் நான் நண்பனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"பெற்றோல் குழாயின்ர கவ்வியை இறுக்கினனியோ?"

அவன் கையில் என் மனைவி தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இறுக்கினதுதான். நீயும் பக்கத்தில நிண்டாய்தானே."

அவ்வளவுதான் பேச்சு. சாப்பிடாமல் போய்விட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

நான் கேட்டது பிழையான கேள்வி என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஓர் எஞ்சின் எரிந்தால் காரணம் தேடத்தான் வேண்டும். படகில் எது பழுதானாலும் முதலில் அதைத்தான் கேட்போம். ஆனால் மனைவி வேறு மாதிரிச் சொன்னாள்.

"நீங்கள் கேட்டது காரணம் தேடுற மாதிரி இல்லை. பொலிஸ் கேக்கிற மாதிரி இருந்தது. அந்த மனிசன் கை வெந்துபோய் இருக்கேக்க."

தனியாகவே செய்து காட்டுகிறேன் என்று இறங்கினேன். எஞ்சினின் மேல்மூடி சூட்டில் வளைந்திருந்தது. பட்டறையில் கெஞ்சி மட்டப்படுத்தினேன். அதற்கும் எஞ்சினுக்கும் இடையில் கசியாமல் வைக்கும் பக்கிங் கொழும்பில்தான் கிடைக்கும் என்றார்கள். லீவு எடுத்துப் போனேன். பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகள் அத்தனையும் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் சத்தியம் பண்ணித் தந்ததைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் ஓட்டைகள் பொருந்தவில்லை. மறுபடியும் லீவு, மறுபடியும் ரயில். இரண்டாவது பொருந்தியது. போட்டு இறுக்கும்போது ஆத்திரத்தில் கொஞ்சம் கூட இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு போல்ட் உள்ளேயே முறிந்து நின்றது. ஸ்பானர் சாவியை வேலிக்கு மேலால் எறிந்தேன். பக்கத்து வளவில் விழுந்ததை அவர்களே கொண்டுவந்து தந்தார்கள், ஒன்றும் கேட்காமல்.

அதைவிடப் பார்க்க வந்தவர்கள்தான் எரிச்சல். எரிந்த காரைப் பார்க்கத் தெருவில் போகிற ஆளெல்லாம் வந்தது. ஒருவர் மணல் வைத்திருந்திருக்க வேண்டும் என்றார். இன்னொருவர் கண்ணூறு என்றார். இரும்பு விலைக்குக் கொடுக்கலாம் என்று ஒருவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, தகரம் சரியில்லை என்று அவரே வேண்டாம் என்றார்.

முறிந்த போல்ட்டை எடுக்க எனக்கு ஏலவில்லை. கடைசியில் துறை கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். அவன் ஒரு லொறியின் அடியில் கிடந்தான். கால்கள் மட்டும் தெரிந்தன. நான் வந்து நிற்பதை என் கால் சப்பாத்தைப் பார்த்தே அறிந்திருப்பான்.

"போல்ட்டை முறிச்சுப் போட்டியாம்," என்றான் கீழே இருந்தபடி.

எப்படிக் கேள்விப்பட்டானோ தெரியாது. ஓம் என்றேன். அவன் வெளியே வரக் கொஞ்ச நேரம் எடுத்தான். கையில் அந்தச் சூட்டுத் தழும்பு முழங்கை வரை வெளுத்து இழுபட்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"வாறன் மச்சான். ஆனா அந்த நெருப்புக் கதை ஒண்டும் எடுக்கப்படாது. எடுத்தா நான் இறங்கிப் போயிருவன்."

சரி என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அதனால் ஏன் பற்றியது என்பதும் எனக்குத் தெரியாமலே போனது.

போல்ட்டை அவன் எடுத்துத் தந்தான். அடுத்த பிரச்சினை மரம். நகரத்தில் கதிரை, அலுமாரி செய்கிற தச்சர்கள் வந்து பார்த்துவிட்டு, இந்த வளைவு தங்களால் ஏலாது என்றார்கள். சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் வள்ளம் கட்டுகிற ஓர் ஓடாவியார் இருந்தார். அவர் வந்து காரைச் சுற்றி நடந்தார். கரிந்துபோன துண்டுகளைக் கையில் எடுத்து வளைவைப் பார்த்தார்.

"வள்ளம் கட்டுறவனுக்கு இது பெரிய வேலையில்லை, தம்பி," என்றார்.

நம்பினேன். ஆனால் மீன்பிடிக் காலம் தொடங்கியதும் அவருக்கு வள்ளங்கள் முதலில். காரின் சட்டம் அவர் பந்தலில் பாதியில் கிடந்தது. சைக்கிளில் சல்லிக்குப் போய்ப் போய் வந்தேன். கருவாட்டு வெயிலில் நின்று அவரோடு கதைப்பேன். அடுத்த கிழமை என்பார். அது எத்தனை அடுத்த கிழமை என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒருநாள் ஒருவழியாக முடித்துத் தந்தார். பார்க்க அழகாய் இருந்தது, ஒரு வள்ளத்தின் விலா மாதிரி. தகரத்தைத் தட்டித் தட்டி அதன் மேல் ஏற்றினோம். கதவுகள் நன்றாக மூடின.

ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. அது சரியாகக் காயாத மரம். கச்சான் அடித்ததும் அது சுருங்கிக் கதவுகள் தானாகத் திறந்தன. மாரி வந்ததும் ஊதிப் பெருத்துத் திறக்கவே முடியவில்லை. நண்பன் காலைத் தூக்கிப் போட்டு ஏறினான். ஓடாவியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"மரமெண்டா அசையும், தம்பி. கடலில போட்டா இறுகியிருக்கும்."

காரைக் கடலில் போடவா என்று கேட்க வாய்வரை வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இரண்டாம் தரம் ஸ்டார்ட் பண்ணும்போது வெட்டவெளியில் வைத்திருந்தோம். மணல் வாளிகள் வரிசையாய் இருந்தன. மனைவி நனைத்த சாக்கோடு நின்றாள். நண்பன், தானே ஒரு பழைய லொறியில் கழற்றிப் பூட்டிய கார்பரேட்டருக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோகவே இல்லை. எஞ்சின் பிடித்தது, நிற்காமல் ஓடியது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அதை எப்படி நிற்பாட்டுவது என்று யோசிக்கக்கூட மனம் வரவில்லை. அது ஒரு நல்ல நாள். மிச்ச நாட்களைப் பற்றி அப்படிச் சொல்ல ஏலாது.

ஏனென்றால் ரேடியேட்டரின் ஈய ஒட்டுகள் அந்த நெருப்பில் உருகியிருந்தன. ஒட்டி ஒட்டித்தான் வைத்திருந்தோம். பாதிக் குழாய்கள் அடைத்துக்கொண்டுவிட்டன. நிலாவெளி வீதியில் விட்டால் சாம்பல்தீவு வருமுன் கொதிக்கும். தண்ணீர்க் கான்கள் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் இருக்கும். எந்த வளவில் கிணறு கிட்ட இருக்கிறது என்பது எங்களுக்குப் பாடம். ஓட்டக் கார் என்று பெயர். எங்களைத் தாண்டிக் குச்சவெளி பஸ் போகும், அதில் இருப்பவர்கள் கை காட்டுவார்கள்.

பிறகு அரசாங்கம் மாறியது, இறக்குமதி திறந்தது. கொழும்புக்கு வேறு அலுவலாகப் போயிருந்தபோது ஒரு புதிய கடையின் கண்ணாடிக்குள் பார்த்தேன். எங்கள் வேன் எஞ்சினுக்கான கார்பரேட்டர், புத்தம் புதிது, பெட்டிக்குள். பக்கத்தில் பக்கிங், பெற்றோல் குழாய், ரேடியேட்டர். நாங்கள் அரத்தால் ராவி, கெஞ்சி, மாற்றி, உடைத்து மறுபடி செய்த ஒவ்வொன்றும் அங்கே அடுக்கி இருந்தது. கடைப் பொடியன் என்ன வேணும் என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, வெயிலில் கொஞ்ச நேரம் நின்று, திரும்பப் போய் ரேடியேட்டரை வாங்கினேன்.

அதைப் பூட்டிய பிறகு கார் கொதிக்கவில்லை. மனைவியை ஏற்றிக்கொண்டு ஒரே ஓட்டமாகக் குச்சவெளி வரை போனேன். அவள் தலையை முந்தானையால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நல்லாய் இருக்குது என்றாள். ஆனால் அந்த ஓட்டத்தை நண்பன் பார்க்கவில்லை. சவூதிக்கு வேலைக்குப் போய்விட்டான். லொறி திருத்துகிறவர்களை அங்கே கேட்டு வாங்கினார்கள். போவதற்கு முதல் நாள் வந்து காரைச் சுற்றிப் பார்த்தான். அப்போது அது கொதிக்கிற கார்தான்.

எண்பதுகள் தொடங்கியபோது எங்களுக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இரண்டு இருக்கைக் காரில் ஒரு குடும்பத்தை ஏற்ற ஏலாது. மழைக்குள் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் காரில் பின்னால் போன அன்று, நானே விற்கிறேன் என்று சொன்னேன்.

கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார்கள் சேர்ப்பவர். தகரத்தைத் தடவினார், மரச்சட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மூடியைத் திறந்ததும் முகம் சுருங்கியது. இது எதன் எஞ்சின் என்று கேட்டார். சொன்னேன். இந்தக் காருக்கு உரிய எஞ்சின் தன்னிடம் வீட்டில் இருப்பதாகவும், இதைக் கழற்றிவிட்டால் காரை எடுப்பதாகவும் சொன்னார். ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். தேவையில்லை என்றார்.

நண்பன் அந்த நேரம் லீவில் வந்திருந்தான். வந்து கழற்றித் தந்தான். பூட்டுவதற்கு எங்கள் இளமையில் எத்தனையோ ஞாயிறுகள் போயின. கழற்றுவதற்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை போலிருந்தது. எஞ்சினைத் தட்டிப் பார்த்து, நல்ல எஞ்சின், தம்பியாரின் அரிசி மில்லுக்குப் போடலாம் என்றான். கொண்டுபோ என்றேன்.

கார் லொறியில் ஏறிப் போன பிறகு நான், நெருப்புக்குப் பிறகு கல் வைத்துக் கட்டிய கொட்டகையைக் கூட்டிக் கழுவினேன். தரையில் எண்ணெய்க் கறை போகவில்லை. மனைவி வாசலில் வந்து நின்று, இடம் சும்மா கிடக்கத் தேவையில்லை, கோழி வளர்க்கலாம் என்றாள். நான் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, பிறகு பார்ப்போம் என்றேன்.