கோப்பை நின்ற இடம்

முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை, எழ முடியாதவர்களைக் குளிப்பாட்டுவதும் புரட்டிப் படுக்க வைப்பதும். எவ்வளவு கனத்த உடம்பானாலும் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து, அவர்கள் மூச்சை வெளியே விடும் நேரம் பார்த்துத் திருப்புவாள். வலி தெரியாது. இதை எங்கே கற்றாய் என்று நர்ஸம்மா ஒரு முறை கேட்டதற்கு, "பேய்ப் படத்துல" என்றாள். நர்ஸம்மா சிரித்துவிட்டுப் போனாள்.

பொய்யில்லை. இளவயதில் தையல் வேலைக்கென்று ஒரு படக் கம்பெனியில் சேர்ந்தவள் அவள். கம்பெனி என்பது பெரிய வார்த்தை. ஒரு வாடகை வீடு, ஒரு காமிரா, சொற்ப ஆட்கள். பார்வையாலேயே பொருள்களை நகர்த்தும் ஒரு சலவைக்காரியின் கதை. பார்த்தால் எதுவும் நகராதே. எனவே தைத்து முடித்த நேரம் போக, மறைவில் படுத்து, பொருளில் கட்டிய தூண்டில் நரம்பை இழுக்கும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. நடிகை மூச்சை விடும்போது மட்டும் இழுக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அந்தக் கண்ணுக்கும் பொருளுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதுபோல் தெரிந்தது. விளக்குப் பிடித்தவனையே கல்யாணமும் செய்துகொண்டாள்.

படம் வந்தது. புகுந்த வீட்டாரை முதல் காட்சிக்கு அழைத்துப் போனாள். நாற்காலி நகரும் இடத்தில் நரம்பு பளிச்சென்று மின்னியது. "கயிறு தெரியுது டோய்" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான். அப்புறம் கடைசிவரை கொட்டகை முழுக்கச் சிரிப்புதான். ஒரு வாரம்கூட ஓடவில்லை. கணவனின் அக்கா அன்று பிடித்ததை விடவேயில்லை. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும், "இவதான் எங்க கயித்துக்காரி" என்றுதான் அறிமுகம் செய்வாள்.

கணவன் போய்ச் சேர்ந்தான். நாத்தனார் இடுப்பு ஒடிந்து, இவள் வேலை பார்க்கும் இல்லத்துக்கே வந்து படுத்தாள். வாய் ஒடியவில்லை.

இல்லத்து மேலாளர் அவ்வப்போது சாப்பாட்டுக் கூடத்தில் படம் போடுவார். நாத்தனார் வாயால் கேள்விப்பட்டிருந்த அந்தப் படம் எங்கோ கிடைத்துவிட்டதென்று அவர் ஒரு நாள் அவளிடம் சொன்னார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசியில் வரும் கோப்பைக் காட்சியை ஒரு கூட்டம் சிரிக்காமல் பார்ப்பதை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கு மட்டும் அவள் நரம்பைத் தொடவில்லை. தன் தலைமுடியிலேயே சில இழைகளைப் பிடுங்கி முறுக்கி, விளக்குக் கரி தடவிக் கட்டியிருந்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். நாத்தனார் சக்கர நாற்காலியில் முன்னாலேயே இடம் பிடித்து, பக்கத்திலிருந்த பழைய பஸ் கண்டக்டரிடம் ஓதத் தொடங்கியிருந்தாள்.

"நாற்காலி வரும்போது நல்லா கவனிங்க. எங்க கயித்துக்காரி கைவரிசை."

"டிக்கெட்டே வாங்காம போகுதா அந்த நாற்காலி?"

நாற்காலி வந்தது. நரம்பு மின்னியது. கூடமே சிரித்தது, கண்டக்டர் விசில் அடித்தார். பின்னால் ஒருவரைக் கழிவறைக்குப் பிடித்து அழைத்துப்போய்க் கொண்டிருந்தவள் தலையைத் திருப்பவில்லை. அவருக்கு ஆடையைச் சரிசெய்து, கை கழுவிவிட்டுத் திரும்பியபோது கடைசிக் காட்சி தொடங்கியிருந்தது.

சலவைக்காரியைக் கட்டிப்போட்டு, எதிரே விஷம் கலந்த கோப்பையை வைத்திருக்கிறான், அவள் துணி வெளுக்கும் வீட்டின் சொந்தக்காரன். அவளிடம் மிச்சமிருப்பது பார்வை ஒன்றுதான். பார்க்கிறாள். மூச்சு விடுகிறாள். கோப்பை அவனை நோக்கி நகர்கிறது. மறுபடி மூச்சு, மறுபடி நகர்கிறது. பாதி மேசையில் நின்றுவிடுகிறது.

படம் எடுத்த அன்று அங்கேதான் முடி அறுந்தது. இன்னொரு முறை எடுக்கப் படச்சுருள் இல்லை. மேசைக்கடியில் கிடந்தவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. முழங்காலை மேசைப் பலகையில் கொடுத்து மெல்ல அழுத்தினாள். கோப்பை தானாக நடுங்கியதைப் பார்த்த நடிகை நிஜமாகவே மிரண்டாள். அவள் கண்ணில் வந்த தண்ணீர் யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

நின்ற கோப்பை திரையில் நடுங்கியது. சக்தியெல்லாம் தீர்ந்துபோன ஒருத்தி கடைசிச் சொட்டையும் பிழிந்தெடுப்பதுபோல் இருந்தது. கூடத்தில் இருமல்கூட இல்லை. கோப்பை சாய்ந்து உருண்டு விழுந்தபோது கண்டக்டர் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். நாத்தனாரின் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் அவள் மடியிலேயே கவிழ்ந்தது. அவளுக்கு அது தெரியவேயில்லை.

விளக்கைப் போட்டார்கள். முதலில் கைதட்டியவர் கண்டக்டர்தான். தட்ட முடியாதவர்கள் சக்கர நாற்காலிக் கம்பியில் ஸ்பூனால் தட்டினார்கள்.

அவள் உலர்ந்த புடவையோடு நாத்தனாரிடம் போனாள்.

"ஈரம் அண்ணி. மாத்திடலாம், வாங்க."

"அது கிடக்கட்டும். அதுல கயிறு எங்கடி?"

"கயிறே இல்ல அண்ணி."

"பொய் சொல்லாத. நீ அடியில இருந்தேல்ல?"

"இருந்தேன்."

"அப்புறம் எப்படி நடுங்குச்சு?"

அவள் சக்கர நாற்காலியைப் பக்கத்து அறைக்குத் தள்ளினாள். நாத்தனாரின் முதுகுக்கடியில் கையைக் கொடுத்தாள்.

"மூச்ச விடுங்க."

நாத்தனார் மூச்சு விட்டாள். அவள் தூக்கினாள். புடவை மாறி, கூடத்துக்குத் திரும்பி, இடுப்பில் தலையணை வைத்துச் சரியாக உட்கார்ந்த பிறகு, நாத்தனார் கதவருகே நின்ற மேலாளரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தக் கடைசித் துண்ட மட்டும் திருப்பிப் போடு. போடறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் சொல்லு, இதச் செஞ்சது எங்க வீட்டுப் பொண்ணுன்னு."