காளியாயி தின்ற கறுப்பு உருண்டை

இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருத்துவச்சியாக இருந்தபோது, வலிக்கு மருந்து கேட்டு வராத ஒரே கொழுந்துக்காரி காளியாயி. மூட்டு இரண்டும் தேய்ந்தவள். கூடையோடு மலையிறங்கும்போது நண்டைப் போலப் பக்கவாட்டில் இறங்குவாள். மருந்தென்று வந்தால் டாக்டரய்யா தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்வார், துரை வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார் என்று பயம். பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். புருசன் செத்துப்போன அவளுக்கு இந்தியாவில் போய் நிற்க ஒரு வாசலும் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் அவள் திடீரென நேராக நடந்தாள். தேய்ந்த மூட்டு அப்படிச் சரியாகாது. அன்றே லயத்துக்குப் போனேன். முகம் வெளுத்து அடுப்படியில் குந்தியிருந்தாள்.

"என்னாடி தின்ன?"

"சந்தையில வித்தாங்கம்மா. எலும்ப வளக்குற கறுப்பு உருண்டையாம்."

"வளந்திருந்தா கொம்பு மொளைச்சிருக்குமே, எங்க காட்டு."

சிரித்தாள். இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை.

"வெளிக்கு எப்படிப் போகுது?"

சிரிப்பு நின்றது. "தாரு மாதிரி கறுப்பா போகுதுங்க."

வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. அந்த உருண்டையில் வலியை அமுக்கி வயிற்றைப் புண்ணாக்கும் ஏதோ மருந்து இருந்திருக்க வேண்டும்.

"கெளம்பு, பெரியாஸ்பத்திரிக்கு."

"ஐயோ வேணாங்கம்மா. பேர வெட்டிருவாங்க."

"போகாட்டி உசுரே போயிரும்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் அப்படியே சரிந்தாள். கம்பளியில் கட்டித் தூக்கி, கொழுந்து லொறியில் ஏற்றினோம். வழியெல்லாம் அவள் நாடியை விடாமல் பிடித்திருந்தேன்.

ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். திரும்பி வந்தவளுக்கு மீனெண்ணெய் கொடுத்தேன். வலப்பனைப் பக்கம் விளையும் குரக்கனில், அதாவது கேழ்வரகில், கூழும் நெத்திலிக் கருவாடும், கீரையும் சாப்பிடச் சொன்னேன்.

"இது எலும்ப வளக்குமாம்மா?"

"வளக்காது. ஒடம்புல ரத்தம் ஊறும், தொடை பலப்படும். சாப்பிடு."

துரையிடம் நானே போனேன். கொழுந்துக்காரிகள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் அவளைப் போடுங்கள், தொட்டிலாட்ட மலையேறத் தேவையில்லை என்றேன். "பார்க்கலாம்" என்றார். அவளைப் பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றினார்கள். ஆனால் நிரந்தரம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பிறகு எத்தனையோ வருடம் அவள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், தன் பேர் இன்னும் இருக்கிறதா என்று மூச்சை அடக்கி நிற்பாள். கணக்கப்பிள்ளை பேரைக் கூப்பிட்டு முடிக்கும் முன்பே, "இருக்கேனுங்க!" என்று கத்துவாள். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரிக்கமாட்டாள்.